பூசாத சுவரும் படாத கடனும்

திருவனந்தபுரம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து, தம்பானூர் பேருந்து நிலையத்தின் பக்கம் திரும்பியதும் செங்கல் நிறத்தில் ஓர் உருண்டைக் கட்டடம் கண்ணில் படும். கண்ணாடி ஜன்னல் ஒன்றுகூட இல்லை. சுவர் முழுக்கச் சின்னச் சின்னச் சதுர ஓட்டைகள். இந்தியன் காபி ஹவுஸ் அது. உள்ளே போனால் படிக்கட்டும் இல்லை. நத்தை ஓட்டைப் போல ஒரே சாய்தளம் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. மேசையும் இருக்கையும் வெளிச்சுவரை ஒட்டிக் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கின்றன. தலைப்பாகை கட்டிய பணியாளர்கள் அந்தச் சரிவில் காபி டம்ளரும் கட்லெட் தட்டுமாக ஏறி இறங்குகிறார்கள்.

வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே காற்று வருகிறது. சுவரில் விட்ட ஓட்டைகளே ஜன்னலாகவும் விளக்காகவும் இருக்கின்றன. தனியாக நாற்காலி மேசை வாங்கிய செலவு இல்லை.

இங்கே வரும் பெரும்பாலானோர் காபி குடித்துவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுகிறார்கள். ஊரில் ஒரு வீடு கட்ட வேண்டும், கையில் இருப்பதோ கொஞ்சம்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் விவசாயி இங்கே ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து சுவரைப் பார்க்கலாம். ஏனென்றால் "வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. கிராமத்தில் நகை அடகுக்குப் போவதும், நிலப்பத்திரம் கைமாறுவதும் பல நேரம் பயிர்ச் செலவுக்காக அல்ல. பாதியில் நிற்கும் வீட்டை முடிப்பதற்காக. இரண்டு போகம் விளைந்து வந்த பணம் பூச்சுக்கும் டைல்ஸுக்கும் போய்விட்டு, மூன்றாவது போகத்துக்கு விதைநெல் கடனில் வருகிறது.

அந்தக் கடனை எங்கெல்லாம் தவிர்க்கலாம் என்று வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தவர்தான் இந்தக் காபி ஹவுஸை வடிவமைத்த லாரி பேக்கர்.

துணிச் செருப்பும் காந்தியும்

பேக்கர் 1917-ல் இங்கிலாந்தில் பர்மிங்காமில் பிறந்தவர். கட்டடக்கலை படித்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மருத்துவ உதவிக் குழுவோடு சீனா போனார். ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. அப்போது காந்தியைச் சந்தித்தார். பேக்கரின் காலில் கிடந்தது கழிவுத் துணியால் செய்த செருப்பு. அதைக் கவனித்த காந்தி, அவரைப் பற்றி விசாரித்தார் என்று பேக்கர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தச் சந்திப்புதான் அவரை மறுபடி இந்தியாவுக்கு இழுத்து வந்தது.

நல்ல கிராமத்தின் வீடு, ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருளால் கட்டியதாக இருக்க வேண்டும் என்பது காந்தியின் கருத்து. ஐந்து மைல் என்றால் எட்டுக் கிலோமீட்டர். மாட்டுவண்டி போய் அன்றே திரும்பும் தூரம். கல்லூரியில் படித்ததைவிட இந்த ஒரு கருத்தே தன் வேலைக்கு அதிகம் உதவியது என்பது பேக்கரின் எண்ணம்.

1945-ல் தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைகளைக் கட்டும் வேலைக்காக இந்தியா வந்தார். கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத்தை மணந்தார். இருவரும் இமயமலைச் சரிவில் பித்தோராகட் பகுதியில் 15 ஆண்டுகளுக்கு மேல் மருத்துவமனை நடத்தினார்கள். கல்லும் மண்ணும் மரமும் வைத்து மலைவாசிகள் கட்டிய வீடுகளே அங்கே பேக்கருக்கு இரண்டாவது கல்லூரி. படித்த கட்டடக்கலை அந்தக் குளிரிலும் சரிவிலும் எடுபடவில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த கொத்தனுக்குத் தெரிந்தது எடுபட்டது.

1963-ல் குடும்பம் கேரளத்துக்கு வந்தது. முதலில் வாகமண் மலைப்பகுதி, பிறகு திருவனந்தபுரம். 1989-ல் இந்தியக் குடியுரிமையும் 1990-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 2007 ஏப்ரல் 1 அன்று தாம் கட்டிய வீட்டிலேயே காலமானார்.

பாறைமேல் ஓர் அறை

அந்த வீடு நகரின் வடக்கே, எம்.சி. ரோட்டில் நாலாஞ்சிறையில் இருக்கிறது. பெயர் 'ஹாம்லெட்'. குக்கிராமம் என்று பொருள். செங்குத்தான பாறைச் சரிவு. மனை பார்க்கப் போகும் யாரும் வேண்டாம் என்று திரும்பிவிடக்கூடிய இடம். பேக்கர் பாறையை உடைக்கவில்லை; மேட்டைச் சமன் செய்யவில்லை. பாறை போகும் போக்கில் படி ஏறியது. மரம் நின்ற இடத்தில் சுவர் ஒதுங்கி வளைந்தது.

இந்த வீட்டில் ஒரு சிறு விவசாயி கவனிக்க வேண்டியது அதன் வடிவத்தைவிட, அது வளர்ந்த விதம். ஒரே அறையுள்ள மரக்குடிலாகத்தான் அது தொடங்கியது. தேவை வந்தபோது ஓர் அறை, கை கொஞ்சம் தாராளமானபோது இன்னோர் அறை என்று பல ஆண்டுகளில் சரிவெங்கும் படர்ந்தது. இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் மரம் இங்கே கதவாகவும் உத்தரமாகவும் மாறியது. உடைந்த ஓட்டுத்துண்டும் பீங்கான் சில்லும் சுவர் அலங்காரம் ஆயின. காலிப் பாட்டில்களைச் சுவரில் பதித்ததில் பச்சையும் பழுப்புமாக வெளிச்சம் வந்தது.

'கட்டி முடித்த வீடு' என்று அதை ஒருநாளும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் முதல் அறை எழுந்த நாளிலிருந்து அது குடியிருக்கத் தகுந்த வீடாக இருந்தது. நம் ஊர்களில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஆறு அறைக்கு அடித்தளம் போட்டுவிட்டு, கம்பி வானத்தைப் பார்த்துத் துருப்பிடிக்க, குடும்பம் பக்கத்தில் தகரக் கொட்டகையில் வருடக்கணக்கில் காத்திருக்கிறது.

நான்கு கல்லுக்குப் பதில் மூன்று

நாலாஞ்சிறைக்குப் பக்கத்தில் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையம் என்ற நிறுவனம் இருக்கிறது. பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் தொடங்கிய அந்த மையத்தின் வளாகத்தை 1970-களின் தொடக்கத்திலிருந்து பேக்கர் கட்டினார். குன்றின் சரிவை வெட்டாமல், மரங்களை விட்டுவிட்டு, பூசாத செங்கல் கட்டடங்கள் வளைந்து வளைந்து போகின்றன. நூலகம் ஒரு செங்கல் கோபுரம்போல நிற்கிறது. 'செலவு குறைந்தது சின்ன வீட்டுக்குத்தான் சரிப்படும்' என்ற பேச்சுக்கு அந்தக் கோபுரமே பதில்.

பேக்கர் பரவலாக்கிய சுவர்க்கட்டுக்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரில் செங்கல்லைப் படுக்கையாக வைப்பார்கள். இதில் கல்லைக் குத்துவாட்டில் நிறுத்துகிறார்கள். வெளிப்பக்கம் ஒரு கல், உள்பக்கம் ஒரு கல், நடுவே மூன்று அங்குல இடைவெளி. அடுத்து இரண்டையும் இணைத்துக் குறுக்கே ஒரு கல். சுவரின் மொத்தக் கனம் அதே ஒன்பது அங்குலம்தான். உள்ளே பொந்து இருப்பதால் எலிப்பொறி என்று பெயர் வந்தது.

கணக்கு எளிது. கலவையோடு சேர்த்து 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குல உயரம் உள்ள செங்கல் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அடி நீளமும் நாலரை அங்குல உயரமும் உள்ள சுவருக்குப் பழைய முறையில் 4 கல் வேண்டும். எலிப்பொறிக் கட்டில் 3 போதும். நாலில் ஒரு பங்கு மிச்சம். 12 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம், கதவு ஜன்னலுக்கு 40 சதுர அடி கழித்துவிட்டால் 400 சதுர அடிச் சுவர். பழைய முறையில் ஏறக்குறைய 4,270 கல். இந்த முறையில் 3,200. மூலைகளிலும் கதவோரங்களிலும் பொந்தில்லாமல் கெட்டியாகக் கட்ட வேண்டியிருப்பதால் மிச்சம் சற்றுக் குறையும். ஆனாலும் ஓர் அறைக்குள்ளேயே நூற்றுக்கணக்கான கல் மிச்சமாகிறது. கலவையும் அதற்கேற்பக் குறைகிறது.

உள்ளே நிற்கும் காற்று வெயிலின் சூட்டைச் சட்டென்று உள்ளே விடுவதில்லை. மின்கம்பிக் குழாயையும் அந்தப் பொந்து வழியே இறக்கிவிடலாம். சுவரைக் கொத்திப் பூச வேண்டியதில்லை.

இந்தச் சுவரைப் பூசாமல் விட்டால்தான் முழுப் பலன். பூச்சு என்பது ஒருநாள் செலவு இல்லை. பூசிய சுவருக்குப் பட்டி, பட்டிக்கு மேல் வண்ணம், சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி வண்ணம் என்று அது தொடர்ந்துகொண்டே இருக்கும்.

தளத்தில் ஓடு

கான்கிரீட் தளத்தில் அழுத்தத்தைத் தாங்குவது மேல்பகுதிக் கான்கிரீட். இழுவையைத் தாங்குவது கீழே இருக்கும் கம்பி. கம்பிகளுக்கு இடையே கீழ்ப்பகுதியில் நிற்கும் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. சுமையாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பேக்கர் அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்தார். இதை ஃபில்லர் ஸ்லாப் என்கிறார்கள். கான்கிரீட் குறைகிறது, தளத்தின் எடை குறைகிறது, அதனால் கம்பியும் குறைகிறது. இரண்டு ஓட்டுக்கும் நடுவே அடைபடும் காற்று, கோடையில் தளத்தின் சூட்டைத் தணிக்கிறது. ஊரில் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு மெத்தை வீடு கட்டுவோர் ஓட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதே ஓடு புதுத் தளத்துக்குள்ளேயே போய் உட்காரலாம்.

இதைக் கண்ணளவில் செய்துவிடக் கூடாது. கம்பி இடைவெளியும் தளத்தின் கனமும் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியவை.

நிலையும் கதவும்

ஒரே அளவு இடத்தைச் சுவராகக் கட்டுவதைவிட அதில் ஜன்னல் வைக்கப் பல மடங்கு செலவாகும். மரச்சட்டம், கம்பி, கண்ணாடி, கீல், கொக்கி, தச்சர் கூலி என்று பட்டியல் நீளும். பார்ப்பதற்கா, காற்றுக்கா, வெளிச்சத்துக்கா, எதற்கு இந்த ஜன்னல் என்று ஒவ்வொன்றாகக் கேட்கச் சொன்னார் பேக்கர். காற்றும் வெளிச்சமும் மட்டும் போதும் என்ற இடத்தில் இடையிடையே கல்லை விட்டுக் கட்டும் ஜாலிச் சுவர் வைத்தார். திறந்து மூட வேண்டிய இடத்தில் ஒற்றைப் பலகை ஜன்னல். ஒரு நீளப் பலகை, மேலும் கீழும் ஒரு முளை, அவை சுழல இரண்டு குழி. சட்டமும் இல்லை, கீலும் இல்லை.

கதவுக்கும் நிலை இல்லாமல், சுவரில் பதித்த இரும்புப் பட்டையிலேயே பலகைக் கதவை மாட்டினார். நம் ஊரில் நிலை வைப்பது ஒரு சுபகாரியம். மஞ்சள் குங்குமம் இட்டு, மாமன் மச்சானைக் கூப்பிட்டுச் செய்வது. தலைவாசலுக்கு அந்த நிலை இருக்கட்டும். உள் அறைக்கும் சாமான் அறைக்கும் தேக்கு நிலை எதற்கு என்று கேட்டுப் பார்க்கலாம்.

மண்ணை எறியும் திசை

பேக்கர் வீட்டுச் செலவைக் குறைக்கும் வழிகளைத் தம் கையால் படம் வரைந்து, தம் கையெழுத்திலேயே எழுதிச் சிறு புத்தகங்களாக வெளியிட்டார். அதில் ஒரு படம், அடித்தளம் தோண்டுவதைப் பற்றியது. வழக்கமாகத் தோண்டிய மண்ணை ஆட்கள் வெளிப்பக்கம் எறிவார்கள். அடித்தளம் எழும்பிய பிறகு அதே மண்ணை மறுபடி கூடையில் அள்ளி உள்ளே கொட்டி நிரப்புவார்கள். ஒரே மண்ணுக்கு இரண்டு கூலி. முதலிலேயே உள்பக்கம் எறிந்தால் ஒரு கூலி மிச்சம். மண்வெட்டி பிடித்த எவருக்கும் புரியும் கணக்கு.

சுவர் நீளத்திலும் இதே பார்வை. 100 சதுர அடி அறையை 20 அடிக்கு 5 அடி என்று நீட்டினால் 50 அடிச் சுவர் வேண்டும். 10-க்கு 10 என்று சதுரமாக்கினால் 40 அடி. வட்டமாக்கினால் சுமார் 35½ அடி. பேக்கரின் சுவர்கள் வளைவதற்கு அழகு மட்டும் காரணமில்லை.

மண் சுவரைப் பற்றியும் தனிப் புத்தகம் எழுதினார். காலும் தலையும் நனையாவிட்டால் மண் சுவர் நிற்கும். அதாவது கீழே கல்லாலோ செங்கல்லாலோ உயரமான அடித்தளம், மேலே அகலமாக நீண்ட கூரை. தாத்தா காலத்து மண் சுவர் ஓட்டு வீட்டின் தாழ்வாரம் ஏன் அவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

இதிலும் குறை உண்டு

ஜாலிச் சுவர் வழியே காற்றோடு கொசுவும் வரும். உள்பக்கம் வலை அடிக்க வேண்டியிருக்கும். சாரல் அடிக்கும் திசையில் ஜாலி வைத்தால் நெல் மூட்டை நனையும். பூசாத சுவரில் தூசி தங்கும். மழை படும் பக்கம் பாசி பிடிக்கும். செங்கல் கோணல்மாணலாக இருந்தால், சரியாக வேகாமல் இருந்தால், இந்த முறை வேண்டாம். கொத்தனாருக்குப் பழக்கம் இல்லையென்றால் மிச்சமாகும் கல்லின் பணம் கூலியில் போய்விடும். முதலில் ஒரு சுற்றுச்சுவரையோ மாட்டுக்கொட்டகையையோ கட்டிக் கை பழகிக்கொண்டு பிறகு வீட்டுக்கு வருவது நல்லது. அரசு வீட்டுத் திட்டத்தில் பணம் வாங்கிக் கட்டுவோர், எந்தச் சுவரும் எந்தத் தளமும் விதிக்கு உட்பட்டவை என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை வேறு. "என்னப்பா, பூசாம விட்டுட்ட? பணம் பத்தலையா?" என்று தெருவில் ஒருவர் கேட்பார். பெண் பார்க்க வருகிறவர்கள் சுவரைத் தடவிப் பார்ப்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் பல வீடுகளில் பூச்சும் வண்ணமும் கடனில் ஏறுகின்றன. ஆய்வு மையத்துப் பேராசிரியர்களும் பூசாத சுவருக்குள்தான் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள் என்பதைக் கேட்பவரிடம் சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம். வட்டி கட்டப் போவது அவர் இல்லையே.

அறுவடைக்கு ஓர் அறை

குறைந்த பொருளோடு வாழும் வீடு என்பது நகரத்துக்காரர் கண்டுபிடித்த புதுமை அல்ல. திண்ணை இருந்த வீட்டுக்கு சோபா தேவைப்படவில்லை. பரண் இருந்த வீட்டுக்கு இரும்பு பீரோ இரண்டு தேவைப்படவில்லை. சுவர் மாடமே அலமாரியாக இருந்தது. காபி ஹவுஸில் கட்டிவைத்த இருக்கை அந்தத் திண்ணைக்கு உறவுதான். சுவர் எழும்பும்போதே ஒரு திண்ணை, இரண்டு மாடம், ஒரு பரண் சேர்த்துவிட்டால், பிறகு தவணையில் வாங்கும் சாமான்கள் பாதி குறையும்.

ஆனால் விவசாயி வீட்டில் குறைக்கக் கூடாதவையும் உண்டு. நெல் மூட்டையும் விதையும் வைக்க நனையாத இடம், மருந்து தெளிக்கும் கருவியைச் சமையலறைக்கு எட்டாமல் பூட்டி வைக்க ஓர் இடம், சகதிக் காலோடு வந்தவர் உட்காரத் தாழ்வாரம், கழிப்பறை. இவற்றை ஒதுக்கிவிட்டு முன்னறையை அகலமாக்குவதில் லாபம் இல்லை.

வருமானம் மாதச் சம்பளமாக வருகிறவருக்கு மாதத் தவணை பொருந்தும். போகத்துக்குப் போகம் வருகிறவருக்கு, ஹாம்லெட் வளர்ந்த முறைதான் பொருந்தும். முழு வீட்டுக்கும் படம் போட்டுக்கொண்டு, கையில் இருக்கும் பணத்துக்கு ஓர் அறை, சமையலிடம், கழிப்பறை மட்டும் கட்டிக் குடியேறலாம். அடுத்த அறை வரவேண்டிய ஓரத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கல்லை நீட்டி விட்டுவைத்தால், பின்னால் புதுச் சுவரை அதில் கோத்துக்கொள்ளலாம். நல்ல விளைச்சல் வந்த வருடம் ஓர் அறை கூடும். வராத வருடம் வீடு காத்திருக்கும், வட்டி ஏறாது.

பார்க்கப் போகிறவர்களுக்கு: நாகர்கோவிலிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரப் பயணம். தம்பானூர் காபி ஹவுஸுக்குள் யாரும் போகலாம். ஆய்வு மையத்தில் வாயிலில் கேட்டு அனுமதி பெற வேண்டும். நாலாஞ்சிறை வீடு தனியார் இல்லம். முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளாமல் போவது முறையல்ல. நகருக்குக் கிழக்கே விளப்பில்சாலையில் லாரி பேக்கர் வாழிட ஆய்வு மையம் இருக்கிறது. இந்தக் கட்டுமான முறைகளில் பயிற்சி நடத்துகிறது. அச்சுத மேனன், கே.என். ராஜ் ஆகியோரோடு பேக்கர் 1985-ல் திருச்சூரில் தொடங்கிய காஸ்ட்ஃபோர்ட் நிறுவனமும் இதே முறையில் வீடுகள் கட்டிவருகிறது. போகும்போது ஊர்க் கொத்தனார் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. படம் காட்டி விளக்குவதைவிட, அவரே அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தால் வேலை சுலபமாக நடக்கும்.